ஒரே ஒரு கையெழுத்து: பாரமோர் மேலே வந்த கதை

பாரமோர் என்ற அமெரிக்க ராக் குழு எப்படிப் பெரிதானது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்களில் ஒன்று வரும். பாடகி ஹேலி வில்லியம்ஸின் குரல் என்பார்கள், கோடையில் ஊர் ஊராகச் சுற்றிய வார்ப்ட் டூர் இசைவிழா என்பார்கள், 2008ல் பள்ளியில் இருந்தவர்கள் 'ட்வைலைட்' படம் என்பார்கள். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கதையை முதலிலிருந்து வரிசையாக வைத்துப் பார்த்தால், 2003ல் 14 வயதுப் பெண் ஒருத்தி அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது என்பது என் கட்சி. குழு மேலே வந்ததும் அந்தத் தாளால்தான், சரியாக உச்சத்தில் இருக்கும்போது பாதியாக உடைந்ததும் அதே தாளால்தான். பாப்-பங்க் (வேகமான பங்க் ராக்கில் பாப் மெட்டு கலந்த வகை) குழுக்களின் எழுச்சியைப் பேசும்போது ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), மேடை ஆட்டம், தலைமுடியின் நிறம் என்று பேசிவிட்டுப் போய்விடுகிறோம், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆய்வில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

ஊரும் பிள்ளைகளும்

ஹேலி பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியனில். 2002ல், 13 வயதில், டென்னஸி மாநிலத்தின் ஃப்ராங்க்ளினுக்குக் குடிவந்தார். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்காக அங்கே வாரம் ஒருமுறை ஒரு வகுப்பு நடந்தது, அதில்தான் ஜாஷ் ஃபாரோவும் தம்பி ஸாக் ஃபாரோவும் பழக்கமானார்கள். ஜாஷ் கிட்டார், ஸாக் டிரம்ஸ். அதே காலத்தில் ஹேலி ஒரு கவர் குழுவில், அதாவது பிறர் பாட்டுகளை வாசிக்கும் குழுவில், ஃபங்க் (தாளம் தூக்கலான ஆட்ட இசை) பாடிக்கொண்டிருந்தார், அங்கே பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜெரமி டேவிஸ். டெய்லர் யார்க்கும் ஃபாரோ சகோதரர்களின் வட்டத்துப் பையன்தான், ஆனால் அவர் குழுவில் முழுசாகச் சேர இன்னும் சில வருடங்கள் ஆகும். இவ்வளவுதான் ஆள்பலம். பாட்டு ஒத்திகை என்பது படிப்பு முடிந்து ஒருவர் வீட்டில் கூடுவது, அவ்வளவே.

ஃப்ராங்க்ளின் நாஷ்விலுக்குப் பக்கத்து ஊர் என்பது இந்தக் கதையில் முக்கியம். பாட்டு எழுதுவதையே அலுவலக வேலைபோல நடத்தும் நகரம் நாஷ்வில். காலையில் நேரம் குறித்து இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் உட்காருவார்கள், மத்தியானத்துக்குள் ஒரு பாட்டு முடிந்திருக்கும். நல்ல குரல் உள்ள ஒரு பதின்வயதுப் பெண் அப்படிப்பட்ட ஊரின் எல்லையில் வசித்தால் யார் கண்ணிலாவது படாமல் இருக்காது. பட்டார். உள்ளூர் மேலாளர்கள் இரண்டு பேர் ஹேலியோடு ஒப்பந்தம் போட்டு, தொழில்முறைப் பாடலாசிரியர்களோடு உட்காரவைத்து பாப் பாட்டுகள் எழுதவைத்தார்கள். அதன் வழியாகச் செய்தி அட்லாண்டிக்கின் காதுக்குப் போனது.

அட்லாண்டிக் விரும்பியது ஒரு தனிப் பாடகியை. 2002ல் அவ்ரில் லவீன் என்ற 17 வயதுப் பெண் முதல் ஆல்பத்திலேயே உலகம் முழுக்கப் பிடித்திருந்த நேரம் அது, அந்த அச்சில் இன்னொருவர் கிடைத்தால் எந்த லேபிள்தான் (இசை வெளியிடும் நிறுவனம்) விடும்? ஹேலி ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு குழு இருக்கிறது, அவர்களோடுதான் பாடுவேன், வாசிக்கப்போவது பாப்-பங்க் என்று நின்றார். 14, 15 வயதில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மேலாளர்கள் முன்னால் உட்கார்ந்து அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. லேபிள் இறங்கிவந்தது. சரி, குழுவாகவே இரு, ஆனால் ஒப்பந்தம் உன் ஒருத்தியோடுதான்.

அந்த 'ஆனால்' அப்போது யாருக்கும் பெரிதாகப் பட்டிருக்காது. ஸாக்கிற்கு அப்போது 13 வயது. அமெரிக்காவில் பதினெட்டு நிரம்பாதவர் போடும் ஒப்பந்தத்தை அவரே பின்னால் ரத்துசெய்துவிட முடியும் என்பது பொது விதி, அதனால் சிறுவர்களோடு ஒப்பந்தம் என்றாலே நிறுவனங்களுக்குத் தலைவலி. குழு என்று ஒன்று ஒழுங்காக உருவானதே 2004ல்தான். ஆக, ஒருவரோடு முடித்துக்கொள்வது எல்லாருக்கும் சுலபமாகவே தெரிந்திருக்கும்.

அது என்ன 360 ஒப்பந்தம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் மீதிக் கதை புரியாது.

பழைய முறை எளிமையானது. லேபிள் முன்பணம் தரும், அந்தப் பணத்தில் ஆல்பம் பதிவாகும், ஆல்பம் விற்றால் கலைஞரின் ராயல்டியிலிருந்து (விற்பனையில் அவருக்கான பங்கு) முதலில் அந்த முன்பணத்தைக் கழித்துக்கொள்ளும், கழிந்தபிறகு மிச்சம் கலைஞருக்கு. கச்சேரி வசூல், டி-ஷர்ட் விற்பனை, ரசிகர் மன்றச் சந்தா இதெல்லாம் கலைஞருடைய தனிச் சொத்து, லேபிள் அதில் கைவைக்காது. சிடி விற்றுக்கொண்டிருந்தவரை லேபிளுக்கும் கவலை இல்லை. 1999ல் பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டர் வந்தது, சிடி விற்பனை சரிய ஆரம்பித்தது, மக்கள் பாட்டுக்குக் காசு தருவதை நிறுத்திவிட்டு கச்சேரிக்கும் டி-ஷர்ட்டுக்கும் மட்டும் தந்தார்கள். அப்போதுதான் லேபிள்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. 2002ல் பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸோடு இஎம்ஐ லேபிள் போட்ட ஒப்பந்தத்தைத்தான் இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்வார்கள், அதன் மதிப்பு 8 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. எல்லாப் பக்கத்து வருமானத்திலும் பங்கு, அதனால் வட்டத்தின் 360 பாகை.

ராபி வில்லியம்ஸ் ஏற்கெனவே நட்சத்திரம். யாருக்கும் தெரியாத ஒரு புது ஆளோடு அதே வகை ஒப்பந்தத்தைப் போட்டு, அது வேலை செய்கிறது என்று காட்டியதில்தான் பாரமோரின் பெயர் வருகிறது. 2007 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்தப் புதுவகை ஒப்பந்தங்களைப் பற்றி விரிவாக எழுதியபோது முன்னுதாரணமாக வைத்தது இந்தக் குழுவைத்தான். அட்லாண்டிக்கின் மாதிரி ஒப்பந்தம் ஒன்றின் விவரமும் அதில் இருந்தது: முதல் ஆல்பம் வெளியானதும் லேபிள் விரும்பினால் கூடுதலாக 2 லட்சம் டாலர் கொடுத்து, டூர், டி-ஷர்ட், விளம்பரம், ரசிகர் மன்றம் எல்லாவற்றின் நிகர வருமானத்திலும் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஆல்பத்தின் லாபத்தில் கலைஞருக்கும் 30 சதவீதம் உண்டு, லாபம் வந்தால்.

பார்த்தவுடன் கொள்ளையடிப்பதுபோலத் தெரியும். நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு புது ஆளுக்குக் கிடைக்கும் ஒரு சங்கதி உண்டு. முதல் பாட்டு ரேடியோவில் ஓடவில்லை, முதல் ஆல்பம் விற்கவில்லை என்றால் பழைய ஒப்பந்தத்தில் லேபிள் கைகழுவிவிடும், அதற்கு வேறு வருமானம் இல்லை. 360 ஒப்பந்தத்திலோ, 200 பேர் நிற்கும் ஒரு சின்னக் கூடத்தில் குழு வாசித்து 30 டி-ஷர்ட் விற்றாலும் அதில் லேபிளுக்கு ஒரு துளி வருகிறது, அந்த 200 அடுத்த வருடம் 500 ஆனால் துளி பெரிதாகிறது. அதாவது லேபிளுக்குக் காத்திருக்கக் காரணம் கிடைக்கிறது. பாரமோருக்கு அட்லாண்டிக்கிடமிருந்து கிடைத்த பெரிய சொத்து பணத்தைவிட இந்தப் பொறுமைதான்.

லேபிளை ஒளித்துவைத்த லேபிள்

அடுத்த நகர்வு தந்திரமானது, எனக்குப் பிடித்ததும்கூட. பாப்-பங்க் ரசிகர்களுக்குப் பெரிய லேபிள் என்றாலே ஒரு ஒவ்வாமை. கேரேஜில் ஆரம்பித்து, வேனில் சுற்றி, தாங்களே சம்பாதித்த பெயர்தான் அங்கே செல்லும். பெரிய லேபிளின் முத்திரையோடு 16 வயதுப் பாடகி ஒருத்தி வந்து நின்றால் ஜோடித்த பொம்மை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். அட்லாண்டிக்கில் இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதனால் ஆல்பத்தைத் தங்கள் பெயரில் விடாமல், அட்லாண்டிக்கின் தாய் நிறுவனமான வார்னர் குழுமத்தோடு கைகோத்திருந்த ஃப்யூயல்ட் பை ராமென் என்ற சிறு லேபிளின் பெயரில் விட முடிவு செய்தார்கள்.

ஃப்யூயல்ட் பை ராமென் 1996ல் ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஜான் ஜனிக்கும், லெஸ் தேன் ஜேக் குழுவின் டிரம்மர் வின்னி ஃபியோரெல்லோவும் ஆரம்பித்தது. ஃபால் அவுட் பாய் குழுவின் முதல் ஆல்பம் அங்கிருந்துதான் வந்தது. 2005ல் பானிக்! அட் தி டிஸ்கோவும் அதே கூடாரம். ஒரு குழுவைப் பிடித்த ரசிகன் அதே லேபிளின் அடுத்த குழுவையும் நம்பிக் கேட்பான் என்ற நிலைக்கு அந்தப் பெயர் வந்திருந்தது. ஜனிக் ஆர்லாண்டோவில் குழுவை மேடையில் பார்த்தார், 2005 ஏப்ரலில் காரியம் முடிந்தது. ரேடியோவில் பணத்தைக் கொட்டித் தள்ளாமல், சின்ன மேடைகளில் வாசித்து, வாய்வழியாகப் பெயர் பரவட்டும் என்று மெதுவாகவே தொடங்கினார்கள்.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே ஒரு குழு, உண்மையிலேயே அந்த இசையை நேசித்தவர்கள். ஆனால் ரசிகன் பார்த்த படமும் பெட்டிக்குள் இருந்த ஒப்பந்தமும் வேறு வேறு. ரசிகனுக்கு இது நண்பர்களின் குழு. ஒப்பந்தத்தின்படி இது ஒரு பாடகியும் அவரோடு வாசிப்பவர்களும். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆல்பம், வேன், வெயில்

'ஆல் வீ நோ இஸ் ஃபாலிங்' 2005 ஜூலை 26ல் வெளியானது. ஹேலிக்கு 16 வயது, ஜாஷுக்கு 17, ஸாக்கிற்கு 15. பதிவுக்காக ஆர்லாண்டோ போனார்கள், போன சில நாட்களிலேயே ஜெரமி விலகிவிட்டார். ஆல்பத்தின் அட்டையில் ஒரு சிவப்பு சோபா காலியாகக் கிடக்கும், ஒரு நிழல் மட்டும் விலகிப்போகும், அது ஜெரமியின் பிரிவுதான். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். முதல் ஆல்பத்தின் அட்டையே ஆள் போனதைப் பற்றியது என்பது பின்னால் நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

விற்பனை? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்னும் முக்கியப் பட்டியலின் மேல்வரிசைக்குள் நுழையாத கலைஞர்களுக்கென்று அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு வைத்திருந்த ஹீட்சீக்கர்ஸ் பட்டியலில் 30ஆம் இடம், அவ்வளவுதான். பழைய முறையில் ஒரு புது ஆளின் கணக்கை மூட இது போதும். இவர்கள் கணக்கு மூடப்படவில்லை, டூர் தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் வார்ப்ட் டூர் எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்காக: ஒரு பெரிய மைதானம் அல்லது வாகனம் நிறுத்தும் இடம், உச்சிவெயில், பல மேடைகள், பத்துக்கணக்கில் குழுக்கள், ஆளுக்கு அரைமணி நேரம். யார் எத்தனை மணிக்கு என்பது அன்று காலையில்தான் தெரியும், பெரிய பலகையில் எழுதிவைப்பார்கள். பெரிய பேருக்கு நண்பகல் விழலாம், பேர் தெரியாதவனுக்கு மாலை விழலாம். அதனால் ஒரே குழுவைப் பார்க்க வந்தவர்களும் கதவு திறக்கும்போதே வந்து வரிசையில் நிற்பார்கள், புதுக் குழுக்கள் அந்த வரிசையோடு நடந்து, ஹெட்ஃபோனை நீட்டி, 'ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள், எங்கள் மேடை இத்தனை மணிக்கு' என்று ஆள் பிடிப்பார்கள். வாசித்து முடித்ததும் டி-ஷர்ட் கூடாரத்தில் வந்து நிற்க வேண்டும், கையெழுத்து, புகைப்படம், பேச்சு. ராத்திரி வேனில் அடுத்த ஊர். இதைக் கோடை முழுக்கச் செய்யும் குழு ஒன்று நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும், இல்லை உடைந்துபோகும். வேறு வழி கிடையாது.

2005ல் பாரமோருக்குக் கிடைத்தது ஷிராகேர்ள் மேடை. பெண்கள் முன்னிற்கும் குழுக்களுக்கென்று தனியாக வைத்திருந்த சின்ன மேடை அது. நல்ல நோக்கம்தான், ஆனால் பெண் பாடினால் முக்கிய மேடைகளில் இடம் கிடைப்பதில்லை என்பதன் ஒப்புதல் வாக்குமூலமும் அதுதான். அந்தக் காலத்துப் பாப்-பங்க் பாட்டுகளில் பெண் என்றால் பாட்டில் திட்டு வாங்குபவள், மேடையில் இருப்பவள் அபூர்வம். 2006ல் அதைவிடப் பெரிய மேடைகள். 2007 கோடையில் திரும்ப வந்தபோது கையில் இரண்டாவது ஆல்பம் இருந்தது.

ரயட்

நியூஜெர்சியில் டேவிட் பெண்டெத் தயாரிப்பில் பதிவான 'ரயட்!' 2007 ஜூன் 12ல் வந்தது. முதல் வாரம் சுமார் 44,000 பிரதிகள், ஆல்பங்களுக்கான முக்கியப் பட்டியலான பில்போர்டு 200இல் 20ஆம் இடம். ஹீட்சீக்கர்ஸ் 30இலிருந்து இங்கே வர இரண்டு வருடத்துக்கும் குறைவு. அடுத்த கோடைக்குள் பத்து லட்சம் தாண்டி பிளாட்டினம்.

இந்த ஆல்பத்தை இழுத்துக்கொண்டு போனது 'மிசரி பிசினஸ்'. ஹேலியும் ஜாஷும் எழுதியது. இதை ஒரு தடவை ஹெட்ஃபோனில் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஜாஷின் கிட்டார் ரிஃப், வளைந்து வளைந்து ஓடுகிறது, அப்புறம் ஸாக்கின் டிரம்ஸ் வந்து விழுகிறது, நிமிடத்துக்கு 170 அடிக்கும் மேலான வேகம். பாப்-பங்கில் வழக்கமாக மூன்று பவர்கார்டை (இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அழுத்தும் எளிய பிடி) அழுத்தித் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள், இங்கே கிட்டார் சும்மா இருப்பதில்லை, அதற்கென்று ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேலே ஹேலி. அந்த வகைப் பாட்டுகளை ஆண்கள் மூக்கால் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் முழு நெஞ்சிலிருந்து எடுத்து, பல்லவியின் உச்சத்தில் கத்தலுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிறுத்துகிறார், சுருதி விலகுவதில்லை. தனிப் பாட்டுகளுக்கான பில்போர்டு பட்டியலான ஹாட் 100இல் 26ஆம் இடம் வரை போனது. பாட்டின் வரிகளில் இன்னொரு பெண்ணை ஏசும் இடம் ஒன்று உண்டு, அதைப் பல வருடம் கழித்து ஹேலியே சங்கடமாக உணர்ந்து 2018ல் இனி மேடையில் பாடுவதில்லை என்று நிறுத்திவைத்தார், 2022ல் திரும்பப் பாடினார். அது தனிக் கதை.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது ரிஃபையும் டிரம்ஸையும்தான். அந்த இரண்டு சகோதரர்களை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. அந்த இருவர் பெயரும் அட்லாண்டிக்கின் ஒப்பந்தத்தில் இல்லை.

விரிசல் எங்கே ஆரம்பித்தது

2008 பிப்ரவரியைப் பாருங்கள். ஐம்பதாவது கிராமி விழா, சிறந்த புதுமுகம் பிரிவில் பாரமோர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, விருது எமி வைன்ஹவுஸுக்குப் போனது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே மாதத்தில் ஐரோப்பிய டூரைப் பாதியில் நிறுத்திவிட்டு, குழுவுக்குள் சரிசெய்ய வேண்டியவை இருக்கின்றன என்று அறிவித்து ஊர் திரும்பினார்கள். கிராமி பரிந்துரையும் குழுவுக்குள் பேச்சு நின்றுபோவதும் ஒரே மாதத்தில்.

அந்தக் காலத்தில் இவர்கள் விற்ற டி-ஷர்ட் ஒன்றில் 'பாரமோர் ஒரு இசைக்குழு' என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை, அந்த ஒரு வாக்கியம். பத்திரிகைகள் அட்டையில் ஹேலியை மட்டும் போட்டன, பேட்டியில் ஹேலியிடம் மட்டும் கேட்டன, மற்றவர்கள் பின்னால் மங்கலாக நின்றார்கள், அதற்குப் பதிலாகத்தான் அந்த டி-ஷர்ட். ஹேலியே அதைப் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு குழு தன்னைக் குழு என்று துணியில் அச்சடித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் சந்தேகம் வெளியே இருந்த அளவுக்கு உள்ளேயும் இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த வேடிக்கையையும் கவனியுங்கள்: ஒப்பந்தம் 360 வகை என்பதால், நாங்கள் ஒரு குழு என்று சொன்ன அந்த டி-ஷர்ட்டின் வருமானத்திலும் லேபிளுக்குப் பங்கு இருந்திருக்கும்.

2008 இறுதியில் 'ட்வைலைட்' படத்துக்காக 'டிகோட்' பாட்டு, அது பாப்-பங்க் என்றால் என்னவென்றே தெரியாத கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 2009 செப்டம்பர் 29ல் மூன்றாவது ஆல்பம் 'பிராண்ட் நியூ ஐஸ்', தயாரிப்பு ராப் கவல்லோ, கிரீன் டே என்ற பாப்-பங்க் குழுவின் 'டூக்கி' ஆல்பத்தைத் தயாரித்தவர். முதல் வாரம் 1,75,000 பிரதிகள், இரண்டாம் இடம். முதல் இடத்தைப் பிடித்தது 67 வயதுப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட், 1,80,000. பாப்-பங்க் பிள்ளைகள் தோற்க இதைவிட அழகான ஆள் கிடைக்காது. அந்த ஆல்பத்தின் பாட்டுகளில் பாதி உள்சண்டையைப் பற்றியதுதான். ஹேலி எழுதிய கோபத்துக்கு ஜாஷ் இசை போட்டிருக்கிறார், அந்தக் கோபத்தின் ஒரு பங்கு ஜாஷ் மேல்தான். டெய்லர் யார்க் அதிகாரப்பூர்வமாகக் குழுவில் சேர்ந்ததும் அந்த வருடம்தான்.

2010 டிசம்பர் 18ல் ஃபாரோ சகோதரர்கள் விலகுவதாக அறிவிப்பு வந்தது. சில நாளில் ஜாஷ் தனியாக ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதன் சாரம் இது: ஒப்பந்தத்தில் இருப்பது ஹேலியின் பெயர் மட்டும், நாங்கள் அவருடைய கனவின் பின்னால் தொங்கிக்கொண்டு போனவர்களாக நடத்தப்பட்டோம், வெளியே தானாக வளர்ந்த குழுவாகத் தெரிவது உண்மையில் ஒரு பெரிய லேபிளின் தயாரிப்பு. பாட்டு வரிகளில் மத நம்பிக்கைக்கு ஒவ்வாதவை இருந்தன என்ற குறையும் அதில் உண்டு. மீதி மூவரும் சில வாரம் கழித்து எம்டிவி தொலைக்காட்சியிடம் பேசினார்கள், தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள், ஒப்பந்தம் ஹேலியோடு மட்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது, அது எல்லாருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். என் பார்வையில் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஹேலி தனியாகப் போயிருந்தால் லேபிள் இன்னும் சந்தோஷப்பட்டிருக்கும், குழுவுக்காக நின்றது அவர்தான். ஜாஷின் கை இல்லாமல் அந்தப் பாட்டுகள் கிடையாது, ஆனால் அவருக்கு அந்த வீட்டில் பட்டா இல்லை. மனிதர்கள் மேல் பழியைப் போடுவதைவிட, 2005லேயே, வேனில் ஏறுவதற்கு முன்பே, எல்லாரும் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாததுதான் பெரிய பிழை என்பேன். லேபிளோடு போடும் ஒப்பந்தம் வேறு, உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு. பெயர் யாருடையது, கச்சேரிப் பணம் எப்படிப் பிரியும், ஒருவர் போனால் என்ன, சம்பளமா பங்கா, இதெல்லாம் இரண்டாவதில் வரும். பதினைந்து பதினாறு வயதில் நண்பர்களிடம் போய் இதைப் பேசினால் முகம் சுளிப்பார்கள், சரிதான். அதற்குத்தான் மேலாளர்கள் இருக்கிறார்கள்.

அதே கேள்வி, இந்த முறை நீதிமன்றத்தில்

மூன்று பேராகச் சுருங்கிய குழு 2013ல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் பில்போர்டில் நேராக முதல் இடத்துக்குப் போனது, அதுவே இவர்களின் முதல் முதலிடம். 'எயின்ட் இட் ஃபன்' ஹாட் 100இல் 10ஆம் இடம் வந்து, 2015ல் சிறந்த ராக் பாடலுக்கான கிராமியை ஹேலிக்கும் டெய்லருக்கும் வாங்கித் தந்தது. அப்போது அது பாப்-பங்கும் இல்லை, பாதி ஃபங்க், பின்னால் தேவாலயப் பாடற்குழு வேறு. உடைந்த குழு ஒன்று அதற்குப்பின் பெரிதாவது அடிக்கடி நடப்பதில்லை.

2015 டிசம்பரில் ஜெரமி டேவிஸ் விலகினார். 2016ல் விஷயம் டென்னஸி நீதிமன்றத்துக்குப் போனது. கேள்வி பழையதேதான்: ஜெரமி யார்? நான் தொழில் பங்குதாரர், எனவே வருமானத்தில் எனக்குப் பங்கு உண்டு என்றது அவர் தரப்பு. அட்லாண்டிக்கோடு ஒப்பந்தம் உள்ளது ஹேலிக்கு மட்டும், ஜெரமி சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், ஹேலி மற்றவர்களோடு வருமானத்தைப் பகிர்ந்துகொண்டது நட்பு நிலைக்கட்டும் என்பதற்காக என்றது குழுவின் தரப்பு. அதைப் படித்தபோது ஜாஷின் 2010 அறிக்கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குக் கசப்பில் சொன்னதாக ரசிகர்கள் ஒதுக்கியதை, ஆறு வருடம் கழித்து எதிர்த்தரப்பின் வழக்கறிஞர்களே சட்ட மொழியில் எழுதிவைத்தார்கள். 'பாரமோர் ஒரு இசைக்குழு' டி-ஷர்ட்டை வாங்கிப் போட்டவர்களுக்கு அது நெருடியிருக்கும். 2017ல் சமரசமாக முடிந்தது.

ஒப்பந்தம் தொடாத ஒரு இடம் உண்டு, அது பாட்டை எழுதியவரின் உரிமை. பதிவு லேபிளுடையதாக இருக்கலாம், குழுவின் பெயர் வேறொருவருடையதாக இருக்கலாம், ஆனால் பாட்டின் ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு அந்தப் பாட்டு வாழும்வரை பங்கு வரும், குழுவில் இருந்தாலும் சரி, போனாலும் சரி. 2021ல் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் 'குட் 4 யூ' வந்து உலகம் முழுக்க ஓடியது, 'மிசரி பிசினஸ்' போல இருக்கிறது என்று எல்லாரும் பேசினார்கள், சில மாதங்களில் அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் இரண்டு பெயர்கள் சேர்க்கப்பட்டன: ஹேலி வில்லியம்ஸ், ஜாஷ் ஃபாரோ. ஜாஷ் விலகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. லேபிளின் தாளில் அவர் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை, பாட்டின் தாளில் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

ஸாக் 'ஆஃப்டர் லாஃப்டர்' ஆல்பத்துக்காகத் திரும்பி வந்தார், முதலில் டிரம்ஸ் வாசித்துக் கொடுக்க, அப்புறம் 2017ல் உறுப்பினராக. அண்ணன் வரவில்லை. 2023 பிப்ரவரி 10ல் 'திஸ் இஸ் வை' வெளியானது, அடுத்த வருடம் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது, அதே பெயர் கொண்ட பாட்டு சிறந்த ஆல்டர்நேட்டிவ் இசை நிகழ்த்தலுக்கான கிராமியை வாங்கியது. ஆறாவது ஆல்பம் அது. முந்தைய ஆல்பத்தில் இருந்த அதே ஆட்களோடு பாரமோர் அடுத்த ஆல்பத்தையும் முடித்தது 18 வருடத்தில் அதுதான் முதல்முறை. அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் கீழ் வந்த கடைசி ஆல்பமும் அதுவே, அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, ஹேலி அதில் கையெழுத்துப் போட்டு 20 வருடம் ஆகியிருந்தது.